கேட்காமல் எடுத்த படம்

என் சாமி வேலுவுக்கு,

இருக்கிற இடத்தில் கொஞ்சம் காது கொடு. உன் அக்கா பேசுகிறேன்.

இன்றைக்கு மத்தியானமே பனி இறங்கிவிட்டது. ஒண்டிக்கடை கடைத்தெருவில் எதிர்வரிசைக் கடைகள் ஒவ்வொன்றாக அழிந்துகொண்டு வந்தன. முதலில் பேக்கரி போயிற்று, அப்புறம் மருந்துக் கடை, அப்புறம் ரோடே போயிற்று. சேலத்து பஸ் ஒன்று மஞ்சள் விளக்கைப் போட்டுக்கொண்டு மீன் மாதிரி நீந்திப் போனது. என் கடையில் நோட்டுப்புத்தகக் கட்டுகளும் நானும் மட்டும் மிச்சம். இப்படிப்பட்ட நேரத்தில் எனக்குக் கண் சொருகும். சொருகினால் நீ வந்துவிடுவாய். வாசலில் நின்று குடையை உதறுவாய். அந்தத் தண்ணீர் என் காலில் தெறிக்கும். விழித்துப் பார்த்தால் காலில் ஈரம் இருக்காது.

நேற்றும் வந்தாய். துணி போட்டு மூடி வைத்திருந்த மேல் தட்டை அண்ணாந்து பார்த்தாய். அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உன் நினைவாகப் பள்ளிக்கூடத்தில் ஒரு மலர் போடுகிறார்கள். எனக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பதாகச் சொன்னார்கள். ஒரு பக்கத்தில் அடங்காது, வேண்டுமானால் போடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள் என்று சொல்லிவிட்டேன். படிக்கிறவர்கள் எல்லோருக்கும் நம்மைத் தெரியாது, அதனால் சொல்லிவிடுகிறேன். வேலுச்சாமி தலைச்சோலைப் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் வாத்தியாராக இருந்தவன். கீழ்நாட்டிலிருந்து காப்பிக்காட்டு வேலைக்கு ஏறி வந்த குடும்பத்தில், எஸ்டேட் கூலிக்காரர்களின் லைன் ஊட்டில் பிறந்தவன். நான் அவனுடைய அக்கா. மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவள், ஒண்டிக்கடையில் நோட்டும் பேனாவும் விற்கிறவள். இது போதும்.

நான் படித்ததெல்லாம் உன் பழைய புத்தகத்தில்தான். நீ சேலத்தில் ஹாஸ்டலில் இருந்தபோது வருசப் பரீட்சை முடிந்து வருவாயே, அப்போது முடித்த வகுப்பின் அட்டை கிழிந்த புத்தகங்களைக் கொண்டுவருவாய். கணக்கையும் இங்கிலீஷையும் நான் தொடமாட்டேன். வரலாறு, புவியியல் இரண்டையும் எடுத்துக்கொள்வேன். எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் படித்தேன். கேட்க ஆள் இல்லாததால் எனக்குப் புரிந்ததுதான் அர்த்தம். பனிக்கட்டியால் ஊடு கட்டுகிறவர்களை பக்கத்தில் இருக்கிற மேட்டூரைத் தெரிவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். ஆறு மாதம் பகலாகவே இருக்கிற நாடு ஒன்று உண்டு என்று படித்த மறுநாள் காட்டுக்கு வேலைக்குப் போனபோது, மேகம் முழங்கால் வரைக்கும் வந்திருந்தது. அதற்குள்ளே நடந்து அந்த நாட்டுக்கே போய்விடலாம் என்று இருந்தது. கங்காணி கூப்பிட்டது எங்கேயோ கேட்டது.

ஒவ்வொரு வருசத்துப் புத்தகத்திலும் நான் நம் மலையைத் தேடுவேன். ஒரே ஒரு வரி அகப்பட்டது. சேர்வராயன் மலையில் காப்பி விளைகிறது. அவ்வளவுதான். அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நட்டவர் இல்லை, பறித்தவர் இல்லை, அட்டைப்பூச்சி கடித்த கால் இல்லை. காப்பி அதுவாக விளைந்து அதுவாக மூட்டைக்குள் போய்விட்டது. அன்றைக்கு வந்த கோபம்தான் வேலு, இன்னும் போகவில்லை. நீ அதற்குப் பிடிவாதம் என்று பேர் வைத்தாய்.

நீ வாத்தியார் ஆனதும் செய்த முதல் காரியம் எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைக்க மாட்டேன். வகுப்பறையில் ஒரு பீரோ வாங்கி வைத்தாய். கதைப் புத்தகம் வேண்டாம், நிசமானதைச் சொல்கிற புத்தகம் வேண்டும் என்றாய். வேறு வேறு சனங்கள் என்ன தின்கிறார்கள், எப்படி ஊடு கட்டுகிறார்கள், ஆற்றை யார் மறித்தார்கள், ஓட்டுப் போட யாருக்கு எப்போது உரிமை வந்தது என்று சொல்கிற புத்தகம். பாடப்புத்தகம் பஸ் மாதிரி, நிறுத்தத்தில் மட்டும்தான் நிற்கும், புள்ளைங்களுக்கு நடுவழியில் இறங்கிப் பார்க்க ஒன்று வேண்டும் என்று சொன்னாய்.

சனிக்கிழமை ஆனால் சேலத்துக்கு இறங்கிவிடுவாய். பழைய புத்தகக் கடை, கண்காட்சி, எவன் ஊட்டுப் பரணோ. திரும்பி வரும்போது அடிவாரம் தாண்டினதும் உனக்குத் தலை சுற்றும். கொண்டை ஊசி வளைவுகளில் நீ ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருக்க, புத்தகப் பை பக்கத்து சீட்டுக்காரர் மடியில் இருக்கும். அவர் சும்மா இருப்பாரா? எடுத்துப் புரட்டுவார், பின்சீட்டுக்குக் கொடுப்பார். பஸ் ஒண்டிக்கடைக்கு வந்து நின்றதும் நீ பஸ் முழுக்கப் புத்தகம் பொறுக்குவாய்.

"ஒட்டகக்காரன் பாலைவனத்தைத் தாண்டறதைப் பத்தி வாங்கியாரத் தெரியுது. உனக்கு இந்த மலையைத் தாண்டத் தெரியலையே" என்பேன்.

"எலுமிச்சங்காய் குடுக்கா முதல்ல" என்பாய்.

அப்புறம் அந்தத் தை மாதம் வந்தது.

நம் மலையில் புத்தகம் வைத்திருப்பதும் பூசணம் வளர்ப்பதும் ஒன்றுதான். ஆடியிலிருந்து கார்த்திகை வரைக்கும் பீரோவுக்குள் கை விட்டால் ஈரத் துணியைத் தொட்ட மாதிரி இருக்கும். அதனால் வெயில் வந்ததும் நீ எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டரிடம் சொல்லி, காப்பிக்கொட்டை காய்கிற களத்தில் ஒரு மூலையைக் கேட்டு வாங்கினாய். ஒரு பக்கம் கொட்டை, ஒரு பக்கம் புத்தகம். தார்ப்பாயில் விரித்து வைத்த பக்கங்கள் காற்றில் தாமாகப் புரண்டன. மேட்டிலிருந்து பார்த்தபோது கொக்குக் கூட்டம் இறங்கி இறக்கை உலர்த்துகிற மாதிரி இருந்தது. எத்தனையோ முறை கனவில் அந்தக் களத்தைப் பார்த்திருக்கிறேன். கனவில் புத்தகங்கள் பறந்துவிடும். நிசத்தில் பறக்கவில்லை, வேறொன்று நடந்தது.

களத்துப் பெண்களிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நீ வகுப்புக்குப் போய்விட்டாய். அவர்கள் கறுத்தது, உடைந்தது, பூச்சி அரித்தது என்று நாள் முழுக்கக் கொட்டை பொறுக்குகிறவர்கள். சோறு தின்ற பிறகு கை சும்மா இருக்கவில்லை. புத்தகத்தையும் பொறுக்க ஆரம்பித்துவிட்டார்கள். சாயங்காலம் நானும் நீயும் போனபோது இரண்டு குவியல் இருந்தது.

"இது என்னங்க பழனியம்மா, எதுக்குப் பிரிச்சு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாய்.

பழனியம்மா அந்தக் களத்தில் மூத்தவள். ரைட்டரே அவளிடம் வாய் கொடுக்க மாட்டார். "ஏனுங்க சார், பொறுக்காம மூட்டை கட்ட முடியுமுங்களா? இது நல்லது. இது ஆவாதது."

"பூசணம் புடிச்சதுங்களா?"

"பூசணம் ரெண்டுலயும் நொம்ப இருக்குதுங்க. நாங்க படத்தைப் பாத்துப் பிரிச்சோம்."

நல்ல குவியலில் பனிக்கட்டி ஊட்டுக்காரர்கள் இருந்தார்கள், ஒட்டகக்காரர்கள் இருந்தார்கள், படகு கட்டுகிறவர்கள் இருந்தார்கள். எங்கேயோ கடலுக்கு அப்பால் காப்பி விளைகிற நாட்டில் ஒரு குடும்பம், முகம் கழுவி, வாசலில் வரிசையாக நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொருவர் காலடியிலும் அவரவர் பேர். ஆகாத குவியலில் உப்பளத்துப் பெண்கள், செங்கல் சூளைக்காரர்கள், கல் உடைக்கிறவர்கள். எல்லாவற்றுக்கும் மேலே நம்மைப் போல மலைத்தோட்டத்தில் வேலை செய்கிறவர்களைப் பற்றி ஒரு மெல்லிய புத்தகம் திறந்து கிடந்தது. அதில் ஒரு களம், பின்னால் சில்வர் ஓக் மரங்கள். ஒருத்தி குந்தி உட்கார்ந்து கொட்டையைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தாள். முடி கலைந்து முகத்தில் விழுந்திருந்தது. கீழே தோட்டத் தொழிலாளி என்று மட்டும் போட்டிருந்தது.

"இவ என்ன பண்ணுனா உங்களை?" என்று நான் கேட்டேன்.

"அவ ஒண்ணும் பண்ணலீங்கக்கா. படம் புடிச்சவன் பண்ணிப்புட்டான். கேக்காம எடுத்திருக்கான் பாருங்க. ஒரு வார்த்தை கேட்டிருந்தா தலையை வாரிக்கிட்டு, பொட்டு வெச்சுக்கிட்டு, நிமுந்து நின்னிருப்பா. இந்தக் காப்பி நாட்டுக்காரியைப் பாருங்க, ஜம்முன்னு நிக்கிறா. இவங்களைக் கேட்டு எடுத்திருக்காங்க."

இன்னொருத்தி சொன்னாள்: "எம் புருசனே பாக்க மாட்டேங்குற கோலமுங்க அது. அதைப் போயி ஊருப் புள்ளைங்க பூராவும் பாக்கோணுமாக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. உன் முகத்தில் ஏதோ ஒரு கதவு திறந்தது எனக்குத் தெரிந்தது.

வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாய். "இத்தனை நாளா எதை வெச்சுப் பொறுக்கறதுன்னு தெரியலைக்கா. இப்பத் தெரிஞ்சுது. அந்த சனங்களைக் கேட்டு எடுத்ததா, கேக்காம எடுத்ததா. படம் மட்டும் இல்லை, எழுத்தும்தான். கூட உக்காந்து, என்ன ஏதுன்னு விசாரிச்சு எழுதினதா, இல்லை தூரத்துல இருந்து பாத்துட்டுப் போயி எழுதினதா."

"அப்ப நம்ம புத்தகம்?"

"நம்ம புள்ளைங்க முதமுதல்ல தங்களைப் புத்தகத்துல பாக்குறப்ப, பேரில்லாம குந்திக்கிட்டு இருக்கக் கூடாதுக்கா."

"அதுக்காகப் பாக்கவே கூடாதா? பனிக்கட்டி ஊட்டுக்காரனைக் கேக்க ஆளு போயிருக்குது. ஒட்டகக்காரனைக் கேக்க ஆளு போயிருக்குது. நம்மளைக் கேக்க எவன்டா மலையேறி வந்தான்? கேட்டு எழுதினது வர்ற வரைக்கும் கேக்காம எழுதினதாவது இருக்கட்டும். இல்லீன்னா உன் பீரோவுல உலகம் பூராவும் இருக்கும், நம்ம மட்டும் இருக்க மாட்டோம்."

"வரும்க்கா."

"எப்ப?"

மறுநாள் ஆகாத குவியலைச் சாக்கில் கட்டி என் கடைக்குக் கொண்டுவந்து போட்டாய். "உனக்கு வேணும்னா நீ வெச்சுக்க" என்றாய். நான் வைத்துக்கொண்டேன். மேல் தட்டில் அடுக்கித் துணி போட்டு மூடினேன். ஒவ்வொரு தையிலும் நீ பஸ்ஸுக்கு வருகிற நேரம் பார்த்து என் கடை வாசலில் அவற்றைக் காயப்போட்டேன். நீ குனிந்து கூடப் பார்க்காமல் தாண்டிப் போவாய். தாண்டிப் போய், பஸ் ஏறுவதற்கு முன்னால், திரும்பிப் பார்ப்பாய். அதைப் பார்த்தேன் என்று உனக்குத் தெரியுமா?

உன் முறையில் நீ சரியாகத்தான் பொறுக்கினாய். மீன்பிடிக்கிறவர்களே காற்றைப் பற்றிச் சொன்ன புத்தகம் வந்தபோது உன் வகுப்பே வாசலுக்கு வந்து நின்று பனிக்குள் காற்று பார்த்தது. காது கேளாத பெண் ஒருத்தி தன் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்ன புத்தகத்தை ஒரு வருசம் யாரும் பீரோவில் பார்க்கவே இல்லை, ஊடு ஊடாகப் போய்க்கொண்டிருந்தது. எல்லாம் சரி. ஆனால் நீ வரும் என்று சொன்னது வரவில்லை. நம் மலையைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் வந்தது, ஞாபகம் இருக்கிறதா? பங்களா, துரை, துரைசாணி, குதிரை. அதில் துரையின் நாய்க்குக்கூடப் பேர் போட்டிருந்தது. அதையும் நீ பீரோவில் வைக்கவில்லை. அன்றைக்கு என் கடையில் வந்து உட்கார்ந்து டீ குடிக்காமலே ஆறவிட்டாய். நான் அப்போது ஏதாவது சொல்லியிருக்கலாமோ?

போன ஐப்பசி மழையில் நீ போய்விட்டாய்.

பள்ளிக்கூடத்தில் பீரோவுக்குப் புதுப் பெயின்ட் அடித்து உன் பேரை எழுதினார்கள். புத்தகங்களைத் துடைத்து அடுக்கினார்கள். உன் வகுப்பை இப்போது எடுப்பது தேன்மொழி. உன்னிடம் படித்தவள்தான், பழனியம்மாவின் மகள். அவள் ஒரு நாள் கடைக்கு வந்தாள்.

"பெரியம்மா, பீரோவுல ஒரு தட்டு காலியா இருக்குதுங்க. சார் ஊட்டுல ஏதாச்சும் புத்தகம் மிச்சம் இருக்குதுங்களா?"

நான் ஸ்டூலில் ஏறி மேல் தட்டுத் துணியை எடுத்தேன். அவள் ஒவ்வொன்றாக வாங்கிப் புரட்டினாள். அந்த மெல்லிய புத்தகத்தில் கை நின்றது.

"இது எங்கம்மா பொறுக்கித் தள்ளுனதுதானுங்களே?"

"ஆமா."

"சார் வேண்டாம்னு ஒதுக்குனதை, சார் பேர் எழுதுன பீரோவுல எப்படிங்க வெக்கிறது?"

"அவன் சாகற வரைக்கும் இதுக்காக என்கூடச் சண்டை போட்டான் கண்ணு. அந்தச் சண்டையில பாதி என்னுது. அந்தக் காலித் தட்டு என்னுது."

அவள் சிரித்துவிட்டு, அப்புறம் சிரிப்பை நிறுத்தினாள். "உங்ககிட்ட மறைக்கலைங்க பெரியம்மா. நான் படிக்கிறப்ப எங்கம்மாவாட்ட ஒருத்தி இப்படிப் படத்துல குந்தியிருந்து, பக்கத்து பெஞ்சுப் பையன் என்னைப் பாத்துச் சிரிச்சிருந்தா, நான் மறுநாள் பள்ளிக்கூடம் வந்திருக்க மாட்டேன். சார் அதுக்குத்தான் வெக்கலை."

நான் துணியைத் திரும்பப் போடவில்லை. "உங்கம்மாவை இப்பக் கேட்டா என்ன சொல்லுவா?" என்று கேட்டேன்.

"அக்காளுக்குப் புடிவாதம் இன்னும் கொறையலையான்னுதான் கேக்குமுங்க."

கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். ஒரு நாள் வகுப்பில் கொடுத்துப் பார்ப்பது. எந்தப் புள்ளையாவது அவமானப்பட்டுத் தலையைக் குனிந்தால், நான் எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். அதன் பிறகு இந்தப் பேச்சே கூடாது. நான் வாய்விட்டு ஒப்புக்கொள்ளவில்லை. சாக்கை மட்டும் கட்டினேன்.

இடையில் ஒன்று நடந்தது, அதையும் கேள். ஞாயிற்றுக்கிழமை, ஊர் பூராவும் சுற்றுலாக்காரர்கள். ஒரு பையன் கடைக்கு எதிரே நின்று போனை நீட்டினான். நான் ஒரு நோட்டுக்கட்டைப் பிரிக்க முடியாமல் பல்லால் கயிற்றைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவன் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டு போய்விட்டான். பக்கத்துக் கடைக்காரர், "ஏனுங்க, ஒரு சத்தம் போடறதுதானுங்க" என்றார். போட்டால் என்ன மிஞ்சும்? எங்கேயோ யாரோ அந்தப் படத்தைப் பார்த்து, பல்லால் கயிறு கடிக்கிற இந்தக் கிழவி யார் என்று ஒரு நிமிசம் யோசிக்கட்டும். யோசிக்கவே வழி இல்லாமல் போவதற்கு அது மேல். நீ இதற்கு என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். நீ சொல்வதற்கு நான் என்ன சொல்வேன் என்று உனக்கும் தெரியும்.

தலைச்சோலை பஸ்ஸில் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு போனேன். பனி நன்றாக இறங்கியிருந்தது. உன் வகுப்பறை ஜன்னல்களில் ஒன்று சாத்தவில்லை, இன்னும் சரி செய்யவில்லை. அது வழியாக மேகம் உள்ளே வந்து பெஞ்சுகளுக்கு நடுவே உலாத்தியது. கரும்பலகையில் எழுதியிருந்ததில் பாதி தெரியவில்லை. ஏழாம் வகுப்புப் புள்ளைங்க ஸ்வெட்டருக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். முன்னால் ஒரு நாற்காலி இருந்தது, அதில் யாரும் உட்காரவில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தால் யாரோ இருக்கிற மாதிரி இருந்தது.

தேன்மொழி பெஞ்சுக்கு ஒன்றாகப் புத்தகத்தைக் கொடுத்தாள். ஒன்றும் விளக்கவில்லை. பாருங்கள் என்று மட்டும் சொன்னாள்.

கொஞ்ச நேரம் பக்கம் புரளும் சத்தம்தான். மலைத்தோட்டப் புத்தகம் இரண்டாவது பெஞ்சுக்குப் போனது. அங்கே ஒரு பெண்குழந்தை, எஸ்டேட் லைனிலிருந்து வருகிறது போலிருக்கிறது, அந்தப் பக்கத்தைத் திருப்பியது. திருப்பினதும் உள்ளங்கையை விரித்து அந்தப் படத்தின் மேல் வைத்து மூடிவிட்டது. தலையையும் குனிந்துகொண்டது.

முன்னால் இருந்த நாற்காலியைப் பார்க்கவில்லை. உன் பக்கம் பார்க்கக் கூடாது என்று இருந்தேன்.

அந்தக் குழந்தைக்குப் பக்கத்தில் இருந்தவன் புத்தகத்தின் எதிர்ப்பக்கத்தைப் பார்த்துவிட்டுக் களுக்கென்று சிரித்தான். பின்பெஞ்சு பையன்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"என்னடா சிரிப்பு?" என்றாள் தேன்மொழி.

"மிஸ், காப்பி பறிக்கிறாங்கன்னு போட்டிருக்குதுங்க. இது தேயிலைங்க மிஸ். கூடையை முதுகுல தொங்கவிட்டிருக்காங்க. காப்பிக்கு இடுப்புல சாக்குப் பையில்லீங்க கட்டோணும்?"

"இதை எழுதுனவிய காப்பியைக் குடிக்க மட்டும்தான் குடிச்சிருப்பாங்க மிஸ்" என்றான் இன்னொருத்தன்.

வகுப்பே சிரித்தது. அது படத்தில் இருந்தவளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இல்லை, எழுதினவரைப் பார்த்துச் சிரித்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு பெஞ்சும் தப்புத் தேட ஆரம்பித்துவிட்டது. காப்பி பூக்கிற சித்திரையில் பழுக்குமென்று போட்டிருக்கிறது மிஸ், சூளையில் வேலை செய்கிற எங்க மாமன் இப்படி இல்லை மிஸ், இதை யாரைக் கேட்டு எழுதினாங்க மிஸ். நீ அத்தனை வருசம் கேட்ட கேள்வியை அதுகள் தாங்களாகவே கேட்டுக்கொண்டிருந்தன. கேட்பதற்கு அந்தப் புத்தகம் கையில் இருக்க வேண்டியிருந்தது. அதைத்தானே நான் சொன்னேன்?

ஆனால் இரண்டாவது பெஞ்சில் அந்தக் கை விலகவில்லை. தேன்மொழி போய்ப் பக்கத்தில் குனிந்தாள்.

"என்ன கண்ணு, பாக்கப் புடிக்கலையா?"

"இல்லீங்க மிஸ்."

"சங்கடமா இருக்குதா?"

"அவங்களுக்குத்தானுங்க மிஸ் சங்கடமா இருக்கும். தலையெல்லாம் கலைஞ்சிருக்குது. பசங்க எட்டி எட்டிப் பாக்குறாங்க. அதுதான் மறைச்சுக்கிட்டேன்."

"நீ பாத்தியா?"

"நான் பாத்தேனுங்க. பாத்துட்டுத்தான் மறைச்சேன்." அப்புறம் கையை எடுக்காமலே கேட்டது. "அவங்க பேரு என்னங்க மிஸ்?"

தேன்மொழி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வகுப்பு முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. இந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தவள் நான்தானே, எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"தெரியாது சாமி" என்றேன்.

"யாரைக் கேட்டாத் தெரியுமுங்க?"

மேகம் அந்தப் பெஞ்சைத் தாண்டி என் பக்கம் வந்துகொண்டிருந்தது. அந்தக் குழந்தையின் முகம் அதில் மறைந்து, கை மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. அந்தக் கைக்குக் கீழே ஒருத்தி குந்தி உட்கார்ந்து கொட்டை தள்ளிக்கொண்டிருந்தாள். இத்தனை வருசம் என் தலைக்கு மேலே தட்டில் அவள் அப்படியே இருந்தாள். அவளுக்காக நீயும் நானும் தொண்டை வற்றப் பேசினோம். நாம் யாராவது அவளைத் தேடிப் போனோமா?

மணி அடித்ததும் தேன்மொழி புத்தகங்களை வாங்கிக் காலித் தட்டில் தானே அடுக்கினாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"சார் இருந்திருந்தா என்னங்க சொல்லியிருப்பாரு?"

"கண்ணாடியைக் கழட்டித் துடைச்சிருப்பான்."

ஜெயித்துவிட்டேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து அதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். ஒண்டிக்கடை வந்தும் இறங்க மறந்துவிட்டேன். கண்டக்டர் வந்து தொட்டு எழுப்பினார். தூங்கவில்லை, வேலு. எதிரே ஆள் இல்லாமல் எப்படி ஜெயிக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தேன்மொழியிடம் ஜெயிப்பதற்கா அத்தனை வருசம் அந்தத் தட்டைக் காத்தேன்?

சரி, அது போகட்டும். இப்போது நான் செய்யப்போவதைச் சொல்கிறேன். அந்தப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துப் பையில் வைத்திருக்கிறேன். வாரத்தில் ஒரு நாள் கடையைச் சாத்திவிட்டு எஸ்டேட் எஸ்டேட்டாகப் போகப் போகிறேன். வயசானவர்கள் இருக்கிற லைன்களாகப் பார்த்துப் போவேன். இந்தக் களம் எது, இவள் யார் என்று கேட்பேன். இந்த மலையாக இல்லாமல் வேறு மலையாகவும் இருக்கலாம், அதுவும் தெரியும். அவள் செத்துப் போயிருக்கலாம். இருந்தால் அவளைக் கேட்பேன், இல்லாவிட்டால் அவள் மகளைக் கேட்பேன். பேர் கிடைத்தால் அந்தக் குழந்தையிடம் சொல்லி, அதன் கையாலேயே படத்துக்குக் கீழே எழுதச் சொல்வேன்.

இன்னொன்றும் அவளைக் கேட்பேன். ஏனுங்க, இந்தக் கோலத்தில் நீங்கள் பள்ளிக்கூடத்துப் பீரோவில் இருக்கலாமா என்று கேட்பேன். அவள் வேண்டாம் என்று சொன்னால் அன்றைக்கே தலைச்சோலைக்குப் போய் அந்தப் புத்தகத்தை நானே எடுத்துவிடுவேன். நீ சொல்லி எடுக்க மாட்டேன். பழனியம்மா சொல்லியும் எடுக்க மாட்டேன். அவள் சொன்னால் மட்டும் எடுப்பேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு, அதற்கு மேல் ஒரு அடிகூட நகர மாட்டேன்.

உன்னோடு இன்னும் ஒத்துப்போகாத,
உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த,
அக்கா.